மட்டக்களப்பு வானத்துக்குப் பொருந்தும் நட்சத்திரக் கைவேலைகள்

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: தரம் 5 முதல் 7 வரை 25 பிள்ளைகள். இணையத்தில் கிடைத்த சுழலும் நட்சத்திரத் தட்டை அச்சடித்து வெட்டி, ஊசி குத்திச் சுழற்றிப் பார்த்தார்கள். இரவில் கடற்கரைக்குக் கொண்டுபோனால் எதுவுமே பொருந்தவில்லை. பிழை எங்கே? அதிகம் செலவில்லாமல் வேறு என்ன செய்விக்கலாம்?

வெட்டியதில் பிழையில்லை. தட்டுத்தான் வேறு ஊருக்கு உரியது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தட்டுகளில் பெரும்பாலானவை வட அகலக்கோடு 40, 50 பாகைக்கு வரைந்தவை. அங்கே துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் நிற்கும். மட்டக்களப்பு நகரம் இருப்பது 7.7 பாகையில். இங்கே அது அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ எட்டுப் பாகையில், அதாவது நீட்டிய கையின் முட்டியளவுகூட இல்லாத உயரத்தில் கிடக்கும். தென்னை மரங்களும் வாவிக் கரையின் புகாரும் அதை மறைத்துவிடும். அந்தத் தட்டு ஆண்டு முழுக்க மறையாது என்று காட்டும் சப்தரிஷி மண்டலம் இங்கே ஐப்பசி, கார்த்திகை முன்னிரவுகளில் தலைகாட்டாது. நாம் வெறுங்கண்ணால் பார்க்கிற தென்சிலுவையோ அதில் அச்சடிக்கப்பட்டே இருக்காது.

7 பாகைக்கு அதே வட்டத் தட்டைச் செய்தால் என்ன என்று அடுத்துத் தோன்றும். செய்யலாம், ஆனால் நன்றாக வராது. துருவத்தை நடுவில் குத்தி வட்டமாக வரைந்தால் தெற்கு வானம் விளிம்பில் இழுபட்டுச் சப்பையாகிவிடும். 40 பாகைக்காரருக்கு அந்த விளிம்பு அடிவானத்தை ஒட்டியதாகையால் நட்டமில்லை. நமக்கோ தேள் என்ற நட்சத்திரக் கூட்டமும் தென்சிலுவையும் அங்கேதான் இருக்கின்றன. ஆகையால் இந்த ஊருக்கு வட்டத்தை விட்டு நாடாவுக்கு மாறுவதே சரி. இங்கே நட்சத்திரங்கள் கிழக்கே கடலிலிருந்து ஏறத்தாழ நேராக மேலே ஏறி, தலைக்கு மேலால் கடந்து, மேற்கே வயல் பக்கம் நேராக இறங்குகின்றன. அந்த ஓட்டத்தைக் காட்ட, ஒரு சட்டத்துக்குள் இடமிருந்து வலமாக நகரும் தாள் போதும்.

நாடா செய்யும் அளவுகள் இவை. டிமைத் தாள்களை ஒட்டி 116 சென்ரிமீற்றர் நீளமும் 26 சென்ரிமீற்றர் அகலமுமான பட்டி எடுங்கள். அகலத்தின் நடுவில், மேலிருந்து 13 சென்ரிமீற்றரில், நீள நெடுக ஒரு கோடு. அதுதான் வான நடுக்கோடு, அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடுவதாகக் கொள்ளும் கோடு. நெடுக்கில் வானத்தின் ஒரு மணிநேரத்துக்கு 3 சென்ரிமீற்றர், குறுக்கில் 5 பாகைக்கு 1 சென்ரிமீற்றர். 24 மணிக்கு 72 சென்ரிமீற்றர் ஆகிறது. மீதி 44 சென்ரிமீற்றரில் தொடக்கப் பகுதியையே மறுபடி வரைய வேண்டும். இல்லாவிட்டால் மார்கழியில் சட்டத்தின் பாதி வெறுமையாகத் தெரியும்.

எண்கள் வலது ஓரத்திலிருந்து இடப்பக்கமாகப் போகும். பிள்ளைகள் பழக்கதோசத்தில் இடமிருந்து தொடங்குவார்கள். அப்படித் தொடங்கினால் முழு வானமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவிடும். வலது ஓரத்தில் பெரிதாக 0 என்று எழுதிக் கொடுத்துவிட்டு அளக்க விடுங்கள்.

முக்கியமான புள்ளிகளைச் சென்ரிமீற்றரிலேயே தருகிறேன். முதல் எண் வலது ஓரத்திலிருந்து தூரம், அடுத்தது நடுக்கோட்டிலிருந்து மேலே அல்லது கீழே. கார்த்திகை 11.4, மேலே 4.8. ரோகிணி 13.8, மேலே 3.3. ஓரியன் என்ற வேட்டைக்காரக் கூட்டத்தின் கால் நட்சத்திரமான றிஜெல் 15.7, கீழே 1.6. ஓரியனின் இடைப்பட்டி 16.8, கீழே 0.2. திருவாதிரை 17.8, மேலே 1.5. அகத்தியர் 19.2, கீழே 10.5. வானிலேயே பிரகாசமான சிரியஸ் 20.3, கீழே 3.3. புனர்பூசத்தின் இரட்டையர் 22.7, மேலே 6.4 என்றும் 23.3, மேலே 5.6 என்றும் வருவார்கள். மகம் 30.4, மேலே 2.4. தென்சிலுவையின் உச்சி 37.6, கீழே 11.4, அதன் அடி 37.3, கீழே 12.6. சித்திரை 40.3, கீழே 2.2. சுவாதி 42.8, மேலே 3.8. சிலுவையைச் சுட்டும் இரண்டு நட்சத்திரங்கள் 42.2, கீழே 12.1 மற்றும் 44.0, கீழே 12.2. கேட்டை 49.5, கீழே 5.3. வேகா 55.8, மேலே 7.8. திருவோணம் 59.5, மேலே 1.8. போமல்ஹோட் 68.9, கீழே 5.9. சப்தரிஷிக்கு நடு 37.2, மேலே 11.2.

இதில் ஒரு குறை உண்டு. நடுக்கோட்டிலிருந்து விலக விலகக் குறுக்குவாட்டு இழுவை கூடும். 60 பாகையில் அது இரண்டு மடங்கு. கணக்குப்படியே குத்தினால் சிலுவை குண்டாகி, சப்தரிஷியின் அகப்பை நீண்ட படகாகிவிடும். ஆகவே இந்த இரண்டுக்கும் நடு இடத்தை மட்டும் கணக்கால் குறித்துவிட்டு, வடிவத்தைச் சரியான அளவில் கையால் வரையுங்கள். சிலுவை 1.2 சென்ரிமீற்றர் உயரம், 0.85 அகலம். வரைபடக்காரர் இதை ஏற்கமாட்டார். ஆனால் பிள்ளை வானத்தில் தேடப்போவது வடிவத்தைத்தானே.

நடுக்கோட்டுக்கு 1.5 சென்ரிமீற்றர் மேலே சிவப்பில் இன்னொரு கோடு போடுங்கள். அது நம் தலை உச்சி. அந்தக் கோட்டில் நிற்கும் நட்சத்திரம் நேர் தலைக்கு மேலால் போகும். திருவாதிரை அந்தக் கோட்டிலேயே விழுகிறது. வானத்தில் அதன் நிலை நடுக்கோட்டுக்கு வடக்கே 7.4 பாகை, கல்முனையின் அகலக்கோடும் 7.4. ஆகவே கல்முனைக்காரர் ஒரு தூக்குநூலை நேர்செங்குத்தாக மேலே நீட்ட முடிந்தால், அது திருவாதிரை கடக்கும் நேரத்தில் அந்த நட்சத்திரத்தைத் தொடும். இதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளை அண்ணாந்து பார்க்க வையுங்கள்.

சட்டத்துக்குப் பெரிய காட்போட் பெட்டியின் ஒரு பக்கம் போதும், 50 க்கு 34 சென்ரிமீற்றர். அதில் வெட்டும் சாளரம் 26 சென்ரிமீற்றர் உயரம். அகலம் நடுவில் 36, மேல் விளிம்பில் 42.8, கீழ் விளிம்பில் 29.2. ஓரங்கள் நேர்கோடல்ல. நடுவிலிருந்து 6 சென்ரிமீற்றர் மேலே போனால் ஒவ்வொரு பக்கமும் 0.9 வெளியே விரியும், 9 இல் 1.6, விளிம்பில் 3.4. கீழே அதே அளவு உள்ளே ஒடுங்கும். இந்தப் புள்ளிகளை மெல்லிய வளைகோட்டால் இணைத்து வெட்டுங்கள். மேலே விரிந்து கீழே ஒடுங்குவதற்குக் காரணம், வடக்கு நட்சத்திரங்கள் நமக்கு 12 மணிநேரத்துக்குச் சற்றுக் கூடவும் தெற்கு நட்சத்திரங்கள் சற்றுக் குறையவும் மேலே நிற்பதுதான். இதே சட்டம் வாகரையிலிருந்து பொத்துவில் வரை எங்கும் செல்லும். இடையில் ஒன்றரைப் பாகைக்கும் குறைவான வித்தியாசந்தான். சாளரத்தின் இடது ஓரத்தில் “கடல்” என்றும் வலது ஓரத்தில் “வயல்” என்றும் எழுதுங்கள். மேல் விளிம்பின் நடுவில் ஓர் அம்புக்குறி.

நாடாவின் மேல் ஓரத்தில் திகதி. இரவு 9 மணிக்கு ஜனவரி 21 வலது ஓரத்திலிருந்து 15 சென்ரிமீற்றரில் வரும், பெப்ரவரி 21 க்கு 21, மார்ச் 21 க்கு 27, இப்படி மாதத்துக்கு 6 சென்ரிமீற்றர். ஒரு நாளுக்கு 2 மில்லிமீற்றர் என்பதால் அடிமட்டத்தாலேயே குறிக்கலாம். டிசம்பர் 21 க்கு 9. இன்றைய திகதியை அம்புக்குறிக்குக் கீழே கொண்டுவந்தால் 9 மணி வானம். 10 மணி வானம் வேண்டுமானால் நாடாவை 3 சென்ரிமீற்றர் வலப்பக்கம் இழுங்கள், 8 மணிக்கு இடப்பக்கம். இலங்கை நேரம் 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு உரியது. மட்டக்களப்பு 81.7 இல் இருப்பதால் வித்தியாசம் மூன்று நிமிடம், கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

இதைப் பிடிக்கிற முறையிலும் ஒரு விசயம் இருக்கிறது. தெற்கே பார்த்து நின்று முகத்துக்கு நேரே பிடித்தால் கீழ்ப் பாதி சரியாக இருக்கும், மேல் பாதி முதுகுப் பக்கம் போய்விடும். பாய் விரித்து, தலை வடக்கும் கால் தெற்குமாகப் பிள்ளைகளைப் படுக்கவைத்து, சட்டத்தை முகத்துக்கு மேலே பிடிக்கச் சொல்லுங்கள். இடக்கைப் பக்கம் கடல், வலக்கைப் பக்கம் வயல். வடக்கே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று அம்மம்மா சொல்லியிருப்பாரே என்று யாராவது கேட்டால், படுக்கப்போவது அரைமணிநேரந்தான் என்று சொல்லிச் சமாளியுங்கள்.

அடுத்தது தனித்தனிக் கூட்டங்களுக்கான பார்வைக் குழாய். எல்லோரும் செய்கிற வேலை, ஆனால் பெரும்பாலும் இடம் வலம் மாறியே முடிகிற வேலை. மூன்றங்குல பிவிசி குழாயின் வெட்டுத்துண்டு 20 சென்ரிமீற்றர், அதன் ஒரு வாயை மூடக் கறுப்புப் பிறிஸ்டல் போட் வட்டம். பால்மா டின்னும் சரிவரும், ஆனால் டின்னில் ஆணி அடித்தால் உள்ளே பிசிர் நிற்கும், பிள்ளைகளின் விரலைக் கிழிக்கும், அடிப்பாகமும் நெளியும். மட்டையே நல்லது.

ஓரியனை வானத்தில் தெரிகிற அதே பருமனில் காட்ட வேண்டுமானால், திருவாதிரைக்கும் றிஜெலுக்கும் இடைத்தூரம் குழாய் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். 20 சென்ரிமீற்றர் குழாய்க்கு 6.5. வட்டத்தின் நடுவிலிருந்து புள்ளிகள், எல்லாம் சென்ரிமீற்றரில்: திருவாதிரை இடது 1.7, மேலே 2.6. மற்றத் தோள் வலது 0.95, மேலே 2.2. இடைப்பட்டி மூன்று: வலது 0.35, கீழே 0.1, நடுவில், கீழே 0.4, இடது 0.4, கீழே 0.7. றிஜெல் வலது 1.9, கீழே 2.9. மற்றக் கால் இடது 1.0, கீழே 3.4. இந்த இடமும் வலமும் குழாய்க்குள்ளிருந்து பார்க்கும்போது உள்ளவை. மட்டையின் உட்பக்கத்தில் வரைந்து உட்பக்கத்திலிருந்து குத்தினால் குழப்பம் வராது. அச்சடித்த படத்தை வெளிப்பக்கத்தில் ஒட்டிக் குத்துவதுதான் வழமையான தவறு. அப்படித்தான் செய்ய வேண்டியிருந்தால், தாளில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி ஊடே தெரியவைத்து, அச்சுப் பக்கம் மட்டையில் படும்படி கவிழ்த்து வைத்துக் குத்துங்கள். எண்ணெய்த் தாளில் பசை பிடிக்காது, ஓரத்தைச் செலோரேப்பால் பிடியுங்கள்.

துளைகள் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் படம் உயிரில்லாமல் இருக்கும். நட்சத்திரப் பிரகாசம் ஒரு படி குறைந்தால் ஒளி இரண்டரை மடங்கு குறையும், எனவே துளையின் விட்டம் 1.6 மடங்கு குறைய வேண்டும். திருவாதிரைக்கும் றிஜெலுக்கும் 2 மில்லிமீற்றர், மற்றவற்றுக்கு 1.2 போதும். ஒரு சின்ன ஆணியும் ஒரு தடித்த தையல் ஊசியும் இருந்தால் வேலை முடிந்தது. மட்டைக்குக் கீழே ரெஜிபோம் துண்டு வைத்துக் குத்தினால் துளை வட்டமாக விழும், துணியின் மேல் வைத்தால் கிழிந்து நீளும்.

இனி, நம் ஊருக்கே உரிய சிக்கல். படங்களில் ஓரியன் நிமிர்ந்து நிற்பான். இங்கே கடலிலிருந்து எழும்போது அவன் ஒருக்களித்துப் படுத்திருப்பான், திருவாதிரை இடப்பக்கமும் றிஜெல் வலப்பக்கமுமாக. நடுவானத்தைக் கடக்கும்போது தலைக்கு மேலே நிற்பான், மேற்கே இறங்கும்போது மறுபக்கம் படுப்பான். படத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தேடுகிற பிள்ளைக்கு அவன் அகப்படவே மாட்டான். இதற்கு மருந்து இரண்டு சொற்கள். குழாயின் வெளியே இடப்பக்கம் “கடல்”, வலப்பக்கம் “வயல்” என்று எழுதுங்கள், நாடாச் சட்டத்தில் எழுதியதுபோலவே. கிழக்கே எழும் கூட்டத்தைப் பார்க்கும்போது “கடல்” கீழே வரக் குழாயைத் திருப்ப வேண்டும். மேற்கே இறங்குவதைப் பார்க்கும்போது “வயல்” கீழே. எந்தக் கூட்டத்துக்கும் இதே விதிதான். இடைப்பட்டியின் முதல் நட்சத்திரம் வான நடுக்கோட்டிலேயே இருப்பதால் அது உதிக்கும் இடம் நேர் கிழக்கு. கல்லடிக் கடற்கரையில் அதைப் பார்த்து நின்று, திசைகாட்டியால் பிள்ளைகளே சரிபார்க்கலாம்.

இதே மட்டையைச் சுவரில் ஒளியாக விழுத்த ஆசைப்படுவார்கள். ரோச் லைற்றால் செய்தால் நட்சத்திரத்துக்குப் பதில் மங்கலான வளையங்கள் விழும். காரணம் ரோச்சின் பளபளக்கும் கிண்ணம். ஒளி ஒரு புள்ளியிலிருந்து வர வேண்டும், கிண்ணம் முழுவதிலிருந்தும் வரக்கூடாது. கைத்தொலைபேசியின் சிறு விளக்கு நல்லது. அப்போதும் படம் கலங்கினால் குழாயை நீட்டிப் பயனில்லை. கலங்கல் தங்கியிருப்பது விளக்கின் அகலத்துக்கும் மட்டையில் குத்திய படத்தின் அகலத்துக்கும் உள்ள விகிதத்தில். 3 மில்லிமீற்றர் விளக்கும் 5 சென்ரிமீற்றர் படமும் என்றால், சுவரில் விழும் ஒவ்வொரு நட்சத்திரமும் படத்தின் அகலத்தில் 6 வீதத்துக்குப் பரவும். அதே விளக்குக்கு 15 சென்ரிமீற்றர் படம் குத்தினால் 2 வீதந்தான். ஆகவே சுவருக்கு விழுத்தச் சின்ன டின்னை விட்டு, பெரிய பிஸ்கற் பெட்டி எடுங்கள்.

ஒளிரும் ஸ்ரிக்கர்களைப் பற்றிக் கேட்டால், கூரையில் ஒட்டினால் அழகு, கற்பிக்க உதவாது. ஒரே அளவு, ஒரே ஒளி. ஒட்டுகிறவருக்கும் இடம் வலம் மாறும்.

எனக்கு எல்லாவற்றிலும் பெறுமதியாகப் படுவது சப்தரிஷி நூல் மாதிரி. நட்சத்திரக் கூட்டம் வானத்தில் ஒட்டிய படமல்ல, வெவ்வேறு தூரத்தில் நிற்கும் விளக்குகள் ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும்போது சேர்ந்து தெரிவது என்பதை வேறெதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. ஓரியனைவிடச் சப்தரிஷியை எடுப்பதற்குக் காரணம், அதன் தூரங்கள் நன்றாக அளக்கப்பட்டவை, சின்ன எண்கள். 1 சென்ரிமீற்றருக்கு 1 ஒளியாண்டு என்று வைத்தால் ஒரு வகுப்பறை மூலைக்குள் அடங்கும்.

70 க்கு 40 சென்ரிமீற்றர் ரெஜிபோம் பலகை ஒன்றுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிச் சுவரில் நிறுத்துங்கள். நடுவில் புள்ளி குறித்து, இங்கே வானத்தில் தெரிகிற விதத்தில், அதாவது கவிழ்ந்த அகப்பையாக, ஏழையும் குறியுங்கள். கிரது இடது 21.5, கீழே 16.5. புலகர் இடது 26, கீழே 4.5. புலத்தியர் இடது 10, மேலே 4.5. அத்திரி இடது 2.5, கீழே 2.5. ஆங்கிரசர் வலது 9.5, கீழே 0.5. வசிட்டர் வலது 19.5, நடுமட்டத்தில். மரீசி வலது 31, மேலே 11. அகப்பை கவிழ்ந்து, வாய் கீழ் நோக்கியிருக்கும். நிமிர்ந்த அகப்பை துருவத்துக்குக் கீழே வரும்போதுதான் தெரியும். நமக்குத் துருவமே அடிவானத்தில் கிடப்பதால் அந்தக் காட்சி கடலுக்கும் காட்டுக்கும் கீழேதான் நடக்கிறது. பாடப்படத்தில் நிமிர்ந்த அகப்பையைப் பார்த்த பிள்ளை இங்கே அதைக் கண்டுபிடிக்காததில் வியப்பில்லை.

பலகையிலிருந்து நேராக 130 சென்ரிமீற்றர் தூரத்தில், நடுப்புள்ளியின் மட்டத்தில், ஒரு கதிரை முதுகில் பழைய காப்பு ஒன்றைக் கட்டுங்கள். ஒவ்வொரு நட்சத்திரப் புள்ளியிலிருந்தும் காப்பின் விளிம்பில் ஒரே இடத்துக்கு நூல் இழுக்க வேண்டும், நூலுக்கு 145 சென்ரிமீற்றர் வெட்டினால் முடிச்சுக்கும் காணும். ஆணி அடித்து அதில் கட்டாதீர்கள்; பிள்ளையின் கண் வரப்போகும் இடம் அது. காப்பிலிருந்து அளந்து பாசிமணி கோர்க்க வேண்டிய தூரங்கள்: புலகர் 80, அத்திரி 81, புலத்தியர், ஆங்கிரசர், வசிட்டர் மூவரும் 83, மரீசி 104, கிரது 123. தங்கூசி கண்ணுக்குத் தெரியாமல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மணி வழுக்கி ஓடும். கறுப்புத் தையல் நூலை மணிக்குள்ளால் இரண்டு முறை விட்டு இழுத்தால் நின்றுவிடும். நூல் தொய்ந்தால் படம் கெடும் என்பதால் கதிரையின் மேல் ஒரு கல் வையுங்கள்.

ஒற்றைக் கண்ணை மூடிக் காப்புக்குள்ளால் பார்த்தால் அகப்பை. இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் அகப்பை உடைந்து, ஐந்து மணிகள் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் சேர்ந்து நிற்க, இரண்டு நுனி மணிகளும் தனியே பின்வாங்கி நிற்பது தெரியும். அந்த ஐந்தும் உண்மையிலேயே ஒரு கூட்டம், ஒரே திசையில் சேர்ந்து நகர்கின்றன. மற்ற இரண்டும் வெறும் வழிப்போக்கர். வசிட்டர் புள்ளிக்குப் பக்கத்தில், பலகையில் 4.5 மில்லிமீற்றர் தள்ளி, கடுகளவு மணியொன்று அருந்ததிக்கு. கலியாண வீட்டில் காட்டுவார்களே, அதே அருந்ததிதான் என்று சொன்னால் வகுப்பில் சிரிப்புக் கிளம்பும், மறக்கவும் மாட்டார்கள். சங்கப் பாடல்கள் அவளை வடமீன் என்கின்றன.

மழைக்காலத்துக்குக் குடை. எட்டுக் கம்பிக் கறுப்புக் குடையை விரித்தால் காம்பின் உச்சி துருவம், ஒவ்வொரு கம்பியும் 3 மணி. உட்புறத்தில், உள்ளே நின்று பார்க்கும்போது கடிகார முள் சுற்றும் திசையில் 0, 3, 6 என்று எழுதிக்கொண்டு போங்கள். 55 சென்ரிமீற்றர் கம்பி என்றால் துருவத்திலிருந்து 17 சென்ரிமீற்றரில் கிரது, 25 இல் மரீசி, 11 மணிக்கும் 14 மணிக்கும் இடையில். எதிர்ப்பக்கம் 1 மணியை ஒட்டி 18 சென்ரிமீற்றரில் கசியோப்பியா என்ற கூட்டத்தின் ஐந்து நட்சத்திரங்கள். திருத்தும் வெள்ளை மை துணியில் நன்றாகப் பிடிக்கும். பிறகு குடைக்காம்பை வடக்கே நீட்டி, மீற்றருக்கு 13.5 சென்ரிமீற்றர் மட்டுமே உயர்த்திப் பிடித்து, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் மெல்லச் சுழற்றுங்கள். காம்பு ஏறத்தாழப் படுத்திருப்பதையும் குடையின் கீழ்ப் பாதி மேசைக்குக் கீழே போய்விடுவதையும் கண்டால், சப்தரிஷி பாதி நாள் ஏன் காணாமற் போகிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒரு கம்பி அளவு சுழன்றால் 3 மணிநேரம், அல்லது ஒரே நேரத்தில் பார்த்தால் ஒன்றரை மாதம்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கிரேக்கக் கதைகளை மனப்பாடம் பண்ணுவிக்கத் தேவையில்லை. 27 நட்சத்திரப் பெயர்கள் வீட்டிலேயே புழங்குகின்றன, அவற்றில் பத்தை வானத்தில் காட்டினாலே பெரிய காரியம். வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு: றிஜெல் என்பது கால் என்ற அரபுச் சொல், ரோகிணியின் சர்வதேசப் பெயரான அல்டெபரான் பின்தொடர்பவன், திருவோணத்தின் அல்டேர் பறப்பது. ரோகிணி கார்த்திகைக்குப் பின்னாலேயே எழுவதை நாடாவை இழுத்துப் பார்த்தால் அந்தப் பெயரின் காரணம் புரியும்.

வெளியே போகும் காலத்தையும் இந்த ஊர் மழைக்கு ஏற்ப வைக்க வேண்டும். ஓரியன் முன்னிரவில் எழும் மார்கழி, தை மாதங்களில் வாடைக் காற்றும் மேகமுமாக இருக்கும். பெப்ரவரி தொடக்கத்தில் இரவு 9 மணிக்குத் திருவாதிரை உச்சிக்கு வரும், மார்ச்சில் அது 7 மணிக்கே நிகழும். அதுவே வசதியான நேரம். ஏப்ரல் கடைசி முதல் மே நடுப்பகுதி வரை 9 மணிக்கு வடக்கே சப்தரிஷியும் தெற்கே சிலுவையும் ஒரே நேரத்தில் நிற்கும். கழுத்தைத் திருப்பினால் இரண்டும். இந்த வாய்ப்பு லண்டன்காரருக்கும் இல்லை, மெல்பேர்ண்காரருக்கும் இல்லை. சிலுவையின் அடி 19 பாகை உயரத்தில்தான் நிற்கும்; கையை நீட்டி விரல்களை விரித்தால் ஒரு சாண் ஏறத்தாழ 20 பாகை, எனவே அடிவானத்திலிருந்து ஒரு சாண் மேலே தேடச் சொல்லுங்கள். உருவம் சின்னது, நெடுக்கில் மூன்று விரல் அளவுதான். அதற்கு முன்னே மேற்குப் பக்கமாக ஒரு போலிச் சிலுவை வந்து ஏமாற்றும். அது பெரிது, மங்கல், இடப்பக்கம் இரண்டு சுட்டு நட்சத்திரங்கள் அதற்குக் கிடையா. கச்சான் வீசும் யூலையில் தேள் முழுதாகத் தெற்கு வானில் தொங்கும். கேட்டை சிவந்து நிற்கும். முதன்முறை போவோருக்கு அதுதான் எளிது. பெயரும் உருவமும் ஒத்துவருகிற கூட்டங்கள் அதிகமில்லை.

போயா விடுமுறையில் எல்லோரையும் கூட்டலாம் என்று தோன்றும். பூரணை நிலவில் மங்கல் நட்சத்திரங்கள் அத்தனையும் அழிந்துபோகும். கூட்டங்களைப் பார்க்க அமாவாசையை ஒட்டிய நாட்களே நல்லது. பூரணைக்கு வேறு வேலை இருக்கிறது: சித்திரைப் பூரணை நிலா சித்திரை நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும், கார்த்திகையில் கார்த்திகைக்கு அருகே, மாசியில் மகத்துக்கு அருகே. அந்த இரவு நாடாவில் நிலாவின் இடத்தைப் பென்சிலால் குறித்துவரச் சொன்னால், ஆண்டு முடிவில் மாதப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பது தாளிலேயே வரிசையாக இருக்கும்.

கடற்கரையில் உப்புக் காற்றுக்கு டிமைத் தாள் ஒரு மணிநேரத்தில் சுருளத் தொடங்கும், நாடாவின் இரண்டு நீள ஓரங்களிலும் செலோரேப்பை மடித்து ஒட்டினால் சட்டத்துக்குள் சிக்காமல் ஓடும். தாளைப் பார்க்க வெள்ளை வெளிச்சம் அடித்தால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் போய்விடும். வெசாக் கூட்டுக்கு விற்கும் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ரோச்சில் கட்டுங்கள். தூரத்து வயல்வெளி இருட்டாகத்தான் இருக்கும், ஆனால் உன்னிச்சைப் பக்கமும் அம்பாறையின் உட்பகுதிகளிலும் இரவில் யானை இறங்கும், அங்கே பாடசாலை மைதானமே போதும்.